தவறாமல்

முதல் தடவை இருபத்தாறு.
அடுத்த தடவை இருபத்தைந்து.
இன்று இருபத்தேழு.
நீல வெளிச்சத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு
டாக்டர் ஓயார்சூன் கேட்கிறார்:
“சொட்டு மருந்து விடுகிறீர்களா, எர்மெலிண்டா?”
“தவறாமல்” என்கிறேன்.

வால்டிவியாவில் மழை
யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
ஆற்றங்கரைச் சந்தையில் ஏழாவது கடை என்னுடையது.
முதுகுக்குப் பின்னால் கடல்சிங்கங்கள்
கடன்காரர்களைப் போலக் கத்திக்கொண்டிருக்கும்.
மெர்லூசா மீனின் தலையை வெட்டித்
திரும்பிப் பார்க்காமலே எறிவேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஒரு தலைகூட வாய்க்கு வெளியே விழுந்ததில்லை.

அந்தக் கைக்குத்தான்
ஒரு சொட்டைக் கண்ணுக்குள் விடத் தெரியவில்லை.
நெற்றியில் விழும். இமையில் விழும்.
ஒருநாள் காதுக்குள் போனது.
மாதத்துக்கு ஒரு புட்டி என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு.
எனக்குப் பத்தொன்பதாம் தேதியே தீர்ந்துவிடும்.
மிச்ச நாளெல்லாம்
ஒன்றாம் தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதை எப்படிச் சொல்வது?
வெளியே பெஞ்சில் நாற்பது பேர் காத்திருக்க,
ஐம்பத்தெட்டு வயதில்,
வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து
எனக்குச் சொட்டு விடத் தெரியாது என்றா?

“இந்த மருந்து போதவில்லை.
இன்னொன்று சேர்க்கிறேன்.”
பேனாவை எடுத்தார்.

அது காகிதத்தைத் தொடும் முன்
எனக்கு லியோன்டினா ஞாபகம் வந்தாள்.
வெள்ளிக்கிழமைதோறும் வருவாள்.
செவுளைத் தூக்குவாள்,
குனிந்து மீனின் கண்ணைப் பார்ப்பாள்,
“போன வாரம் கொடுத்தது நாறியது,
மருமகன் தட்டைத் தள்ளிவிட்டான்” என்று
சந்தைக்கே கேட்கக் கத்துவாள்.
கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.
ஆனாலும்
பனிக்கட்டிக்கு அடியில் நல்ல மீனை
அவளுக்காகத்தான் ஒளித்துவைப்பேன்.

சிரித்து வாங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள்.
எப்படி இருந்தது என்று கேட்டால், அருமை.
அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன நடந்தது,
எனக்கு எப்படித் தெரியும்?
மறுபடி அதையே கட்டிக்கொடுப்பேன்.

இங்கே நான்
சிரித்து வாங்கிப்போகிறவள்.

“எழுதாதீர்கள், டாக்டர்.”

சொன்னேன். பத்தொன்பதாம் தேதி, காது, எல்லாம்.
கழுத்துவரை சூடேறியது.
அவர் கோபப்படவில்லை.
மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து
“விட்டுக் காட்டுங்கள்” என்றார்.
அண்ணாந்தேன். அழுத்தினேன்.
கன்னத்தில் வழிந்தது.
“நான் அழவில்லை” என்றேன்.
“தெரிகிறது” என்றார்.

கீழிமையை இழுத்து ஒரு பை செய்யச் சொன்னார்.
புட்டியை மூக்குத்தண்டில் சாய்க்கச் சொன்னார்.
விட்டபின் கண்ணை மூடி
மூக்கோரம் ஒரு விரலால் அழுத்தச் சொன்னார்.
நாலாவது தடவை உள்ளே விழுந்தது.
எரிந்தது.
எரிந்ததில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

கதவுவரை போய்த் திரும்பினேன்.
எட்டு மாதமாய்க் கேட்க வந்தது வேறு.
“இந்தக் கண் போய்விடுமா?”

லத்தீன் கலந்து மூன்று வாக்கியம் சொன்னார்.
“புரியவில்லை.
மீன் விற்கிறவளுக்குச் சொல்லுங்கள்.”

கொஞ்சம் யோசித்தார்.
“இடது ஓரத்தில் போனது போனதுதான், திரும்பாது.
மிச்சத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்,
சொட்டு உள்ளே விழுந்தால்.
சத்தியம் பண்ணமாட்டேன்.”

ஆர்டரைத் திருப்பிச் சொல்வதுபோல்
நானும் சொல்லிப் பார்த்தேன்:
போனது போனது. மிச்சம் இருக்கிறது. சொட்டு. சத்தியமில்லை.
“சரிதானா?”
“எடை சரி” என்றார்.
இரண்டாவது மருந்தின் கட்டம் காலியாகவே இருந்தது.
ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் ஒருவர்
வாய்க்குள் ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை லியோன்டினா செவுளைத் தூக்கினாள்.
“என்ன, கண் கலங்கியிருக்கிறது?”
“நேற்றைய மீன்” என்றேன்.
நிமிர்ந்து என்னையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
பிறகு
இருநூறு பெசோ குறைத்து வாங்கிக்கொண்டு
இடது பக்கமாக நடந்தாள்.
எந்த இடத்தில் மறைந்தாள் என்று
எனக்குத் தெரியவில்லை.