மற்றவை

பதினோரு வருடமாக நான் சொன்ன பதில்களை
ஏற்றினால் ஒரு டிராக்டர் பெட்டி தாங்காது.
மஞ்சளா, துத்தநாகம்.
நுனிக் கருகலா, பொட்டாஷ்.
ஜீப்பின் கதவைத் திறந்து
ஒரு காலைத் தரையில் வைப்பதற்குள்
பாதி நோயைச் சொல்லியிருப்பேன்.
மறுகால் பெரும்பாலும் ஜீப்புக்குள்ளேயே இருக்கும்.

தில்லைவிளாகத்துக்குத் தெற்கே,
உப்புக்காற்று கருவேலத்தை
ஒரே பக்கமாக வாரிவிட்டிருக்கும் இடத்தில்
அமிர்தகடேசனுக்கு ஆறு மா நிலம்.
மேட்டூர் திறந்து நாற்பத்தோராம் நாள்
அங்கே தண்ணீர் எட்டிப் பார்த்தது.
இப்போது நடுவயலில் திட்டுத்திட்டாகப் பயிர் செம்பட்டை.
போன வருடமும் அதே இடம், அதே நிறம்.
போன வருடமும் நான்தான்:
'ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்.'
போட்டார்.
பயிர் என் பேச்சைக் கேட்கவில்லை.
அந்தச் சாக்கு
அவருடைய ஆட்டுக்கொட்டகையில் சாரலுக்குத் தடுப்பு.
அதன் எழுத்துகளை
ஆடு பாதிக்குமேல் தின்றிருந்தது.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.
உள்ளே துத்தநாகம் தயாராக இருந்தது.
'து' வரைக்கும் வந்துவிட்டேன்.
சாக்கு காற்றில் படபடத்தது.

'தெரியலை' என்றேன்.

'பதினெட்டு கிலோமீட்டர் டீசல் போட்டு வந்து
சொல்ற சேதியா மேடம் இது?'
அமிர்தகடேசன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.
அதுதான் காதுவரை சுட்டது.
டிரைவர் ஞானசேகர்
சொந்த மகள் பள்ளி மேடையில் பேச்சை மறந்ததுபோல
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

களை பறித்துக்கொண்டிருந்த மாரிக்கண்ணு
நிமிராமலே சொன்னாள்:
'அந்தத் திட்டுல கால வச்சா குமுழி வரும்.
அழுகுன முட்டையாட்டம் நாறும்.
மூணு வருசமா நாறுது.'

'ஏன் சொல்லலை?'

'கேட்டாத்தானே.
நீங்கதான் வரும்போதே
தெரிஞ்சிக்கிட்டு வர்றியளே.'

தெரியவில்லை என்பது கண்ணுக்கும் உரிய சொல்.
கிட்டப் போ என்று
அதற்குள்ளேயே இருக்கிறது போலும்.
மறுகாலும் இறங்கியது.
முழங்கால்வரை போனது.
ஒரு தூரைப் பிடுங்கினேன்.
வேர் எரிந்த திரிபோலக் கருப்பு.
படித்திருக்கிறேன் இதை,
மூன்றாம் ஆண்டில், நான்கு மதிப்பெண் கேள்வி.
முழு மதிப்பெண் வாங்கியதாகவும் ஞாபகம்.
அந்தப் பக்கத்தில் நாற்றம் இல்லை.

'மண்ணு மூச்சுமுட்டிக் கிடக்கலாம்.
தண்ணிய வடிச்சுப் பார்க்கலாம்' என்றேன்.
இந்த 'லாம்' எனக்குப் புதிய விகுதி.
நாக்கில் சரியாக உட்காரவில்லை.

'நாப்பத்தொரு நாள் காத்த தண்ணியையா?'
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
கருவேலத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
என் சேற்றுக் காலையும் பார்த்தார்.
'பாதி. மூணு மா மட்டும்.'
மண்வெட்டியை எடுத்தவர்
வரப்பை வெட்டும்போது
எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

அன்றிரவு அலுவலகச் செயலியில்
'பாதிப்பின் காரணம்' என்ற கட்டத்துக்குக் கீழே
ஒன்பது விடைகள்.
தெரியவில்லை என்று ஒன்று இல்லை.
காலியாக விட்டால்
சிவப்பு நட்சத்திரம் முறைக்கிறது.
ஒன்பதாவதாக ஒதுங்கிக் கிடந்தது 'மற்றவை'.
அதைத் தொட்டேன்.
பச்சை டிக் விழுந்தது.
அரசாங்கத்துக்குத் திருப்தி.
என் நகக்கண்ணில் இன்னும் முட்டை நாற்றம்.

பன்னிரண்டாம் நாள் போனேன்.
வடித்த பாதியில் புது வேர்,
மீசை அரும்புகிற அளவு, வெள்ளையாக.
எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.
அமிர்தகடேசன் அதை லட்சியம் செய்யவில்லை.
வடிக்காத பாதியில், வாய்க்கால் ஓரமாக,
ஒரு பாய் அகலத்துக்குப் பயிர் பச்சை.
யாரும் தொடாத இடம்.
'இது ஏன் மேடம் இப்படி?'

'மாரிக்கண்ணு இன்னிக்கு
எந்த வயல்ல?' என்று கேட்டேன்.