சேங்கொட்டைக் குறி

அன்செல்ம் கந்தப்பா துரை டெனிஸ் ஆடி
ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.
கறுவாத்தோட்டத்து வேலிக்கு உள்ளே
எனக்கென்ன வேலை?
ஆனாலும் ஒவ்வொரு ஆட்டமும்
சனிக்கிழமை மூட்டையில் என் கைக்கு வரும்.

வலது முழங்காலில் பச்சை என்றால்
வலைக்கு ஓடி விழுந்து எடுத்திருக்கிறார்.
இரண்டிலும் பச்சை என்றால்
எதிராளி கெட்டிக்காரன்.
சட்டையின் கைப்பட்டியில் சுங்கக் கந்தோர் மை:
நாலரை மணிக்கு
பேனை வைத்த கையோடு மட்டையை எடுத்திருக்கிறார்.

எலுமிச்சை, உவர்மண், வெள்ளாவி,
கடைசியில் ஒரு துளி நீலம்.
தோற்ற நாளின் கறை லேசில் போகாது என்று
சொல்ல ஆசைதான். பொய்.
எல்லாக் கறையும் ஒரே நேரந்தான் எடுத்தது.

தொள்ளாயிரத்துப் பத்தில்
நுவரெலியாவிலிருந்து வந்த சட்டையில்
நெஞ்சு முழுக்க வைன் வாசம்.
தோட்டத்துரை ஒருவனை மூன்று செட்டில் வென்றாராம்,
வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தார்களாம்.
குடித்தவர்கள் இராச்சாப்பாட்டுக்கு அழைக்கவில்லை என்று
அவர் வீட்டுச் சமையற்காரன் சொன்னான்.
கிண்ணம் கொட்டாஞ்சேனை வீட்டு ஜன்னலில் ஏறியது.

யுத்தத்துக்கு முந்தின வருடம்
கப்பலேறி லண்டன் போனார்.
நாலு மாதம் மூட்டை இல்லை.
திரும்பி வந்த காற்சட்டையின் இடுப்புப் பட்டியில்
என் சேங்கொட்டைக் குறிக்குப் பக்கத்தில்
(இரண்டு புள்ளி, ஒரு கோடு)
சிவப்பு நூலில் யாரோ தைத்த இலக்கம்.
அங்கேயும் ஒருவன் இந்த முழங்காலைத் துவைத்திருக்கிறான்.
முதல் ஆட்டத்திலேயே தோற்றார் என்று
செட்டியார் தெருவெல்லாம் பேச்சு.
நூலை நான் பிரிக்கவில்லை.

பிறகு தைலப் பிசுக்கோடு வந்தன காற்சட்டைகள்.
பச்சை குறைந்தது.
ஒரு சனிக்கிழமை
வெள்ளை வெள்ளையாகவே வந்தது.
பின்பக்கம் மட்டும் பலகையின் தூசிக் கோடுகள்:
உயர நாற்காலியில் குந்தியிருந்து
இளசுகளின் புள்ளிகளை எண்ணுகிறார்.

துவைக்க ஒன்றுமில்லாத உடுப்போடு
பேரை வாவிக் கரையில் கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு துவைத்தேன்.
கூலி கூலிதானே.

பாக்கி பதினொரு ரூபாய் நாற்பது சதம்.
கேட்கப் போன அன்று
சமையற்காரன் இல்லை, ஜன்னலில் கிண்ணமும் இல்லை.
நொண்டிக்கொண்டு வந்து அவரே கதவைத் திறந்தார்.
வெந்து சுருங்கிய என் விரல்களைப் பார்த்து
"நீயா அந்த இரண்டு புள்ளி, ஒரு கோடு?" என்றார்.

ஐந்து ரூபாய் தந்தார்.
மிச்சம் இன்னும் நிற்கிறது.