வலது ட்ரம்

லபுக்கலைக்கு மேலே, இறக்கம் தொடங்கும் முன்
ரோட்டோரம் கொஞ்சம் அகன்ற இடத்தில் நிறுத்தினேன்.
போயா தினம். மழை விட்டு அரை மணி.
முன்னால் ஜீப், பின்னால் எங்கள் வீடு:
பதினான்கு அடி, ரெண்டு சக்கரம்,
ஜன்னலில் மேர்சலின் காயப்போட்ட துவாய்.

சனி ஞாயிறு நுவரெலியா, கிழமை நாளில் கம்பளை,
வடையும் பிளேன்டீயும்.
ஏற்றத்தில் வீடு வெறும் பாரம்,
பின்னால் தொங்கிக்கொண்டு வரும்.
இறக்கத்தில்தான் பேசத் தொடங்கும்.
கொக்கியில் ஒரு முட்டு. பிறகு இன்னொன்று.
விலகு, நான் முன்னால் போகிறேன்.
ரெண்டாம் கியரில் ஜீப் முனகும்,
கீழே கொத்மலைத் தண்ணீர்
ஏந்திக்கொள்ள நீட்டிய தட்டுப்போல் தெரியும்.

இடது சக்கரத்தை முதலில் கழற்றினேன்.
ட்ரம்முக்குள் கறுப்புத் தூசி, கருகிய நாற்றம்.
லைனிங் தேய்ந்து
பழைய ரெண்டு ரூபாக் குத்திபோல வழுவழுத்திருந்தது.

வலது ட்ரம் ரெண்டு தட்டில் கையோடு வந்தது.
உள்ளே ஈரம்.
சீல் கிழிந்து கிறீஸ் வழிந்து
எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததுபோல் லைனிங் மினுங்கியது.
துளியும் தேயவில்லை.
தேயாததுதான் பிழை.
இறம்பொடை வளைவு அத்தனையிலும்
ஒற்றைக் காலை ஊன்றித்தான் இறங்கியிருக்கிறோம்.

இப்போதுதான் கண்டதுபோல் எழுதுகிறேன். இல்லை.
மூன்று வாரம் முந்தி
வண்டி இடது பக்கம் இழுத்தபோதே தெரியும்.
நௌபர் கடையில் சீல் விலை கேட்டு
துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்தேன்.
சீசன் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லி
அவளுக்குச் சொல்லாமல் விட்டேன்.

பெயரிங் மண்ணெண்ணெயில் ஊறியது.
கை கழுவ வீட்டுக் குழாயைத் திறந்தேன்.
நூலாக ஒழுகி நின்றது.

"தாங்கியை நிரப்பச் சொன்னேனே?"

"இறக்கத்துக்கு முந்தி நான் நிரப்புறதில்ல."

"எப்ப இருந்து?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"அந்த நாத்தம் வந்த நாள்ல இருந்து."

அப்போதுதான் ஒவ்வொன்றாய் நினைவு வந்தது.
கேஸ் சிலிண்டர் ஜீப்புக்குள் வந்திருந்தது.
அரிசி மூட்டையும்.
இடம் பத்தவில்லை என்று நினைத்திருந்தேன்.
வளைவுகளில் அவள் காலடியில் உருளும்
சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை,
வீட்டுக்குள் கிடக்க வேண்டியது.
அதையும் நான் கேட்கவில்லை.

லைனிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்,
ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது ஆகாது.
புதுச் சீலை மரத்துண்டு வைத்துத் தட்டி இறக்கினேன்.
பெயரிங்குக்குள் கிறீஸை உள்ளங்கையால் திணித்தேன்.
பல்சக்கரத்தை ஸ்க்ரூட்ரைவரால் நெம்ப நெம்ப
அவள் டயரைச் சுற்றிவிட்டாள்.
சுற்றிற்று. சுற்றிற்று. ஒரு உரசல்.

"காணுமா?"

"ஒரு பல் பின்னுக்கு எடு," என்றாள்.
"கேக்குது எனக்கு."

எடுத்தேன். உரசல் மெலிந்து
காதருகே வந்து போகும் கொசுவளவு ஆயிற்று.

பாறையில் செருகிய ஓடைக் குழாயில்
ஹோஸைப் பூட்டித் தாங்கியை நிரப்பினாள்.
ஜீப்பில் ஏறிக் காத்திருந்தேன், கண்ணாடியில் பார்த்தபடி.
முக்காலில் நிறுத்திவிட்டு மூடியை இறுக்கினாள்.
கட்டையை எடுத்துக் காலடியில் போட்டுக்கொண்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ரெண்டாம் கியர்.