ஆறு கெல்வின்

நேற்றிரவு மட்டும்
ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் கற்கள்
பாகாலாவுக்கு மேலே எரிந்தன.
பெரும்பாலும் மணல் பருமன்.
நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை;
கொட்டகைக்குள்
ஏசி ஒழுகும் வாளியை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ரேடார் பார்த்தது.
தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில்
ஒவ்வொரு கல்லும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிறது.
அந்தக் கோடு கலைய எடுக்கும் நேரம்,
நொடியில் பத்தில் ஒரு பங்கு,
அதுதான் எங்கள் வெப்பமானி.
காற்று சூடென்றால் சட்டென்று கலையும்,
குளிரென்றால் கொஞ்சம் நின்று போகும்.
அங்கே பலூன் எட்டாது, விமானம் எட்டாது.
செயற்கைக்கோள் அவ்வளவு இறங்கினால் தானும் எரியும்.
எரிகிறவற்றிடம் கேட்டுத்தான்
குளிரைத் தெரிந்துகொள்கிறோம்.

முனிரத்தினம் டார்ச்சோடு வந்து நிற்பார்.
"பைன சலிகா உந்தா மேடம்?"
என் குடியாத்தத்துக் காதுக்கு
அது வானத்துக்குச் சளி பிடித்த செய்தி.
முதல் வருடம் சிரித்தேன்.
இப்போது, "அவுனு, மைனஸ் எண்பத்தொன்று."
அவர் துண்டால் கழுத்தைத் துடைக்கிறார்.
கீழே மே மாதம்,
இரவு பதினொன்றுக்கும் முப்பத்தாறு டிகிரி.
கூழ் ஆலை வாசலில் லாரிகள் வரிசைகட்டி
பெங்களூரா மாங்காய் புளித்துக்கொண்டிருக்கிறது.

சிக்கல் வேறு.
செயற்கைக்கோள் மைனஸ் எண்பத்தேழு என்கிறது.
ஹேமலதா மூன்று மாதமாய் அந்த ஆறின் பின்னால் அலைகிறாள்.
அது அடிவானத்துப் பக்கமாய்ச் சாய்ந்து பார்க்கும்;
சித்தூரையும் வேலூரையும்
நடுவிலுள்ள சோதனைச்சாவடியையும்
ஒரே பார்வையில் கரைத்து
ஒற்றை எண் சொல்லும்.
நாங்கள் மட்டும் யோக்கியமா?
அழுத்தம் நாங்கள் அளந்ததல்ல,
ஏதோ அட்டவணையில் வாங்கிய கடன்.

பங்குனியில் ஒருநாள் இரண்டும் ஒத்துப்போயின.
தசமம் வரைக்கும்.
ஹேமலதா பரதராமி வரை போய்
ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தாள்.
தின்று கை துடைத்த பிறகுதான் தெரிந்தது,
மூன்றாவது ஆண்டெனாவின் கேபிளைக்
குரங்கு கடித்திருந்தது.
பாதிக் கற்கள் கணக்கிலேயே இல்லை.

கேபிளை மாற்றினோம்.
ஆறு திரும்பி வந்தது.
சொன்னால் நம்பமாட்டீர்கள், நிம்மதியாக இருந்தது.

அறிக்கையில் ஒரு எண் போடச் சொல்கிறார்கள்.
இரண்டையும் எழுதி
இரண்டுக்கும் பிழைக்கோடு வரைந்து வைத்திருக்கிறேன்.
யாரும் போய் நின்று பார்க்காத இடத்துக்கு
அவ்வளவு அவசரமாய்
ஒரே உண்மை எதற்கு?

மணி நாலு.
வாளி மறுபடி நிறைந்துவிட்டது.
பூமி தன் முகத்தை முன்னால் நீட்டும் நேரம்,
இனிதான் கற்கள் அதிகம் வரும்.