பதினொன்றா, இருபத்தொன்றா

ஐந்து பத்து ரயில் வரும்போது
ஸ்கேனரை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும்.
இது எந்தக் கையேட்டிலும் இல்லை.
வெள்ளவத்தையில்
தண்டவாளத்துக்கு இரண்டு வீடு தள்ளிப்
பல் பார்க்கிறவளுக்குத் தானாகத் தெரியவருவது.
கட்டடம் ஒரு நொடி நடுங்கும்.
அந்த நடுக்கம் திரையில்
கொடுப்புப் பல்லின்மேல் மேடாக முளைக்கும்.
முதல் மாதம் அப்படியொரு மேட்டை நம்பி
பல்லுறை ஒன்று கடைந்தோம்.
பாணந்துறை ரயிலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.
நோயாளிக்குப் பொருந்தவில்லை.

இதன் விலையை நான் யாருக்கும் சொல்வதில்லை.
டொலர் இருநூறாய் இருக்கையில் முற்பணம்,
முந்நூற்றறுபதானபின் மிச்சம்.
நடுவில் கரண்ட் இல்லாத மாதங்கள்.
கடைசல் இயந்திரம்
அரைப் பல்லோடு அப்படியே நின்றுவிட,
நிலூகா போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் இருங்கோ என்பாள்,
மூன்று மொழியிலும் ஒரே சலிப்போடு.

ஆனாலும் மா குழைத்து வாய்க்குள் அமுக்கி
ஓங்காளத்தோடு போராடிய காலத்துக்கு
நான் திரும்பிப் போகமாட்டேன்.
தெகிவளை மீன்கடை நவ்ஷாட்
தன் வாயைத் திரையில் முழுசாய்ச் சுழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இதாலயா டொக்டர்
நான் இத்தன பேரோட சண்ட புடிச்ச?"

மென்பொருள் இப்போது தானே சொத்தை தேடுகிறது.
வெற்றிலைக் கறைக்கும் சிவப்பு வட்டம் போடுகிறது.
அடுத்த ஆண்டு திருந்திவிடுமாம்,
அதற்கடுத்த ஆண்டு
எனக்கு முன்பே எல்லாம் சொல்லிவிடுமாம்.
சொல்லட்டும்.

கடைசியில் ஒரு கேள்வி வரும்:
கோப்பைப் பத்து ஆண்டு வைத்திருக்கச் சம்மதமா?
எல்லோரும் வாசிக்காமலே தட்டிவிடுவார்கள்.
கிருபரஞ்சினி வாசித்தார்.
புதுக்குடியிருப்பிலிருந்து பாஸ்போட் அலுவலாக வந்தவர்,
லொட்ஜில் இரவு முழுக்கப் பல்வலி.

"பத்து வருசத்துக்குப் பிறகு?"
அழிந்துவிடும் என்றேன்.
"இதை வச்சு ஆளை அடையாளம் பிடிக்கலாமோ?"
பிடிக்கலாம்.
மருந்தில் விறைத்த உதட்டை
விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அவருக்கு முன்பல்லு மூலை உடைஞ்சது.
கலியாணத்துக்கு முதலே, சைக்கிளால விழுந்து.
விசாரணையில எழுதினவை.
இடமோ வலமோ எண்டு கேட்டவை.
நான் இடம் எண்டன்.
பிறகு பஸ்சுக்குள்ள யோசிச்சன்:
அவர் எனக்கு முன்னால நிண்டெல்லோ சிரிக்கிறவர்.
எனக்கு இடமெண்டா
அவருக்கு?"

எங்கள் தொழிலில்
முதல் வாரமே படிப்பிக்கும் பாடம் இது.
முதல் வாரமே எல்லோரும் பிழைவிடும் பாடமும்.

திரையிலிருந்த தாடையைத் திருப்பி
அவருக்கு நேரே நிறுத்தினேன்.
அவருடைய சொந்தத் தாடைதான்,
வேறொன்று என்னிடம் இல்லை.
நெடுநேரம் பார்த்தார்.
தன் பல்லைப் பார்க்கும் பார்வையல்ல அது.
பிறகு விரலை வைத்தார்,
கண்ணாடியில் ஈரமாய் ஒரு புள்ளி.

பதினொன்று.

மருந்துச் சீட்டில் எழுதிக்கொடுத்தேன்:
மேல் தாடை, அவரது வலது, நடு வெட்டும்பல், மூலை உடைவு.
"அவரது" என்பதன் கீழ் கோடிட்டேன்.
பாஸ்போட் படிவங்களுக்குள் வைத்துக்கொண்டார்.
இதை எங்கே கொடுப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை.

காலவரையின்றி என்று ஒரு தெரிவு
பட்டியலின் அடியில் இருக்கிறது.
மாதம் இத்தனை டொலர்.
அதுவரை யாருக்கும் நான் அதைத் தட்டியதில்லை.

கடைசிக் கொடுப்பின் பின்பக்கம் மிச்சமிருந்தது.
வாயைத் திறவுங்கோ என்று ஸ்கேனரை எடுத்தேன்.
ஐந்து பத்து.
கையை வெளியே எடுத்துக் காத்திருந்தேன்.
யன்னல் நடுங்கி ஓய்ந்தது,
ரயில் போய்விட்டது.
அவர் இன்னும்
வாயைத் திறந்தபடியே இருந்தார்.