பதினாலாவது வாரம்

ஆடிக் காற்றில் கொழிஞ்சாம்பாறைக்குள்
கேபிள் காசு பிரிக்கப் போனால்
பாதி வீட்டில் ஆளில்லை என்பார்கள்,
மீதி வீட்டில் படம் ஆடுது என்பார்கள்.
இந்த மாசம் படம் ஆடியதை யாரும் சொல்லவில்லை.
வாசலுக்கு வாசல் பதினாலாவது வாரம்தான் பேச்சு.

பழைய தொடர். கறுப்பு வெள்ளை.
துப்பறிவாளர் தயாபரன்,
மழை இல்லாத கதையிலும் கையில் குடை.
பெரிய சேனல்காரர்கள் மறந்துபோனதை
கோயமுத்தூரில் ஒரு கடையில் சி.டி.யாக வாங்கிவந்து
ராத்திரி ஒன்பதரைக்கு நான் ஓட்டுகிறேன்.

எஸ்டேட் பங்களா. கணக்குப்பிள்ளை செத்துக் கிடக்கிறார்.
மேசைமேல் டம்ளர்,
அடியில் ஒரு விரற்கடை பால்,
பாலில் விஷம்.
கடைசி இரண்டு நிமிஷத்தில் தயாபரன்
குடையை நீட்டிச் சமையல்காரியைக் காட்டுகிறார்.
அவள் அழக்கூட இல்லை. எழுத்து ஓடுகிறது.

கம்பவுண்டர் மைதீன் ராவுத்தர்
நூறு ரூபாய் நோட்டின் மறுமுனையை விடாமல் சொன்னார்:
"அந்த மருந்தைப் போட்டா பால் திரிஞ்சிரும்ப்பா.
முதல் வாயிலயே துப்பியிருப்பான்."

ரிட்டயரான ஹெட் கான்ஸ்டபிள் பாஸ்கரன்
மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்:
"ஒரு மணிக்கூறுல ஜீப்பு மலையேறி வந்துட்டுது!
எங்க ஸ்டேஷன்ல டீசலுக்கு எழுதி
ஒப்பு வாங்கவே உச்சை ஆகும்."

தையல் சவரிமுத்து, உதட்டில் குண்டூசியோடு:
"கோட்டைப் பாத்தியா?
உயிரோட இருக்கையில மூணு பொத்தான்,
செத்த பிறகு நாலு."

பொன்னுக்குட்டிக் கவுண்டருக்கு அது நெல்லியாம்பதி பங்களா.
ஆரஞ்சு ஏத்தப் போனபோது பார்த்திருக்கிறார்,
மாடிப்படியில் ஏழாவது படி ஆடுமாம்.
சரி, கொலைகாரி யாருங்க? "அது யாரோ."
ஐம்பது கொடுத்தார், மிச்சம் ஆவணிக்கு.

எலிசபத் டீச்சர் எழுத்து ஓடியதைத் திருத்தினார்.
"சமையல்காரி இல்லை, சமையற்காரி."
எல்லாருக்கும் பேர் போட்டு
அவளுக்கு மட்டும் அப்படிப் போட்டிருக்கே டீச்சர்?
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"அதுவும் பிழைதான்" என்றார்.

கடைசி வீடு மாராத்தாள்.
பள்ளிக்கூடத்தில் கஞ்சியும் பயறும் வைப்பவள்.
நாலு மாசப் பாக்கி.
அண்டாவைச் சாய்த்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தபடி,
"அவ பண்ணலை" என்றாள்.

தயாபரனே சொல்லிட்டாரே.

"அவரு குடை புடிச்ச ஆளு.
டம்ளர் கழுவின ஆளா?"
கை நிற்கவில்லை.
"விஷம் வெச்சாலும் வெக்காட்டியும்
எச்சில் டம்ளரைப் பாத்தா கை தானாப் போயிரும் கண்ணு.
விடியற வரைக்கும் அது மேசைல கிடந்துச்சுன்னா
ராத்திரி அவ அந்த வீட்டுல இல்லை.
எங்கயோ அனுப்பிச்சிருக்காங்க."
தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தாள்.
"பாக்கியை எழுதி வெச்சுக்க."

வந்து சி.டி.யைத் திருப்பிப் போட்டேன்.
பதினோராவது நிமிஷம்,
முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்கிறார்:
"நீ நாளைக்கு வந்தாப் போதும்."
அவ்வளவுதான். அடுத்த காட்சி தயாபரனின் குடை.
கதை எழுதினவருக்கு இது தெரியுமா தெரியாதா,
கேட்க வழியில்லை.
அவர் பேர் வருகிற இடத்தில் சி.டி.யில் கீறல்.

எல்லோரும் கேட்டார்கள் என்று
ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டினேன்.
குடை மேலே எழும்பும் நேரம் பார்த்து
வயரைப் பிடுங்கிவிட்டேன்.

போன் அடித்தது. காத்துங்க, என்றேன்.
மறுபடி அடித்தது. காத்துங்க.
வெளியே பனையில் ஓர் ஓலைகூட அசையவில்லை.
மூன்றாவது ராவுத்தர்:
"கடைசில யாருப்பா?"

போன வாரம் பாத்தீங்களே.

"பாத்தேன்" என்றார்.
போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.
"இருந்தாலும்."