காரணம்: மற்றவை

பொய்யே சொல்லாத அரசனின் பெயரை
ஓர் ஆற்றுக்கு வைத்திருக்கிறோம்.
அரிச்சந்திரா.
தலைஞாயிறு தாண்டினால் அது
வருகிறேன் என்று சொல்லிவிட்டு
வராமலே இருக்கும்.
இந்த வருடம் வந்தது.
நாற்று முதிர்ந்து கணு விட்ட பிறகு,
சட்ரஸ் பலகையைத் தூக்குவதற்கு
மூன்றாவது மனு எழுதிய பிறகு.
அப்புறம் மார்கழியில்
கதிர் பூத்து நின்ற பத்து நாளும் மழை.

பயிர்க் காப்பீட்டுக் கம்பெனிக்கு நான்
தினக்கூலி அளவையாளன்.
அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் கயிறு,
நாலு முளைக்குச்சி, ஒரு தொங்கு தராசு,
கீறல் விழுந்த டேப்.
சதுரத்துக்குள் நிற்பதை அறுத்து நிறுத்தால்
ஊருக்கே விளைந்தது தெரிந்துவிடுமாம்.

தையல்நாயகியின் வயல், எட்டு மா.
ரோட்டிலிருந்து பார்க்க அழகாக இருந்தது.
கதிரெல்லாம் நிமிர்ந்து நின்றன.
அதுதான் கெட்ட சேதி.
மணி பிடித்த கதிர்
தலை நிமிராது.

"சாவிங்க" என்றார் காத்தமுத்து,
அரிவாளை எடுக்கும் முன்பே.
எங்கள் வீட்டில் சாவி என்றால்
ஆணியில் தொங்கும்.
இங்கே அது பால் ஏறாமல் போன நெல்.
உமி இருக்கும், மூக்கு இருக்கும்,
நிறம்கூட இருக்கும்.
திறந்தால் உள்ளே ஆள் இல்லை.

"பதர்னு போட்டுக்கங்க."
"பதர் எந்த வருசம்தான் இல்ல? அதுக்கு எவன் பணம் குடுப்பான்?
கருக்காய்னு போடுங்க."
"கருக்காய்ல பாதி அரிசியாச்சும் இருக்கும்டா,
இதுல எங்க இருக்கு?"
வரப்பில் நாலு பேர்
இல்லாத அரிசியின் பெயருக்காகச்
சண்டை போட்டார்கள்.

டேப்பில் காரணம் என்ற கட்டத்தைத் தொட்டேன்.
வெள்ளம், வறட்சி, பூச்சி, மற்றவை
என்று இறங்கியது.

தையல்நாயகி முறத்தை எடுத்து
காற்று பார்த்து நின்று
தூற்றினார்.
நெல்லைத்தான்.
ஆற்றை ஒரு சொல் சொல்லவில்லை,
வானத்தை, ஆபீசரை, என்னை, யாரையும்.
பறந்தது. பறந்துகொண்டே இருந்தது.
என் சட்டைப் பையில்கூட விழுந்தது.
காலடியில் தங்கியதை அள்ளித் தராசில் மாட்டினோம்.
மூன்று கிலோ எழுநூறு.
போன வருடம் பக்கத்துத் தாக்கில் பதினாலு.

"நீ இஞ்சின் மெக்கானிக் சோமாஸ்கந்தன் மவன்தானே?"
என்றார் திடீரென்று.
"என்னமோ பரீட்சை எழுதுனியே, என்னாச்சு?"

நாலு முறை எழுதினேன்.
நாலாவது முறை ஒன்றரை மார்க்,
ஒரே ஒரு கேள்வி.
முடிவு வந்த ராத்திரி அப்பா
என் எண் இருக்க வேண்டிய இடத்தை
டீசல் ஏறிய விரலால்
மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
போன் திரையில் கறை படிந்தது.
பிறகு, "சரி" என்றார்.
அந்தச் சொல்லுக்கு அகராதியில்
வேறு என்னவோ போட்டிருக்கிறது.
எங்கள் வீட்டில்
கோச்சிங் சென்டர் பீஸ், அம்மாவின் வளையல்,
பக்கத்து வீட்டுக்காரன் கேட்கப்போகும் கேள்வி
எல்லாம் அந்த இரண்டு எழுத்துக்குள் போயின.
"சரி. சாப்பிடு."
கேட்காமலே இன்னொரு தோசை வைத்தார்.

இதையெல்லாம் வரப்பில் நின்று
எப்படிச் சொல்ல?
"சாவிங்க" என்றேன்.

தையல்நாயகி சிரித்தார்.
முறம் ஆடும்படி சிரித்தார்.
காத்தமுத்துவுக்கு இருமல் வந்துவிட்டது.
அடுத்த பட்டம் இருக்கே என்று
யாரும் சொல்லவில்லை. நல்லவேளை.

மற்றவை என்பதைத் தொட்டேன்.
விவரம் என்று இன்னொரு கட்டம் திறந்தது.
'நம்பியிருந்த நேரத்தில்' என்று தொடங்கினேன்.
அதற்கு மேல் இடமில்லை என்றது.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

கயிற்றைச் சுருட்டினோம்.
மூன்று குச்சிகள் வந்தன.
நாலாவதைக் களி இறுகப் பிடித்துக்கொண்டது.
நான் இழுத்துப் பார்த்தேன்,
காத்தமுத்து ஆட்டி ஆட்டி இழுத்துப் பார்த்தார்.
"விடுங்க, கெடக்கட்டும்."
வேதாரண்யம் பஸ்
வளைவில் ஹாரன் அடித்தது.